தாய் யாருக்கு எதைக் கொடுக்கிறாள்?

ஒரு பெண் பிள்ளை பெற்றாள் என்பதை ஆங்கில எழுத்தில் இன்று பெரும்பாலும் ‘கிவ் பர்த்’ என்ற தொடரால்தான் சொல்கிறார்கள். ‘கிவ்’ என்றால் கொடு. ‘பர்த்’ என்றால் பிறப்பு. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘பிறப்புக் கொடுத்தாள்’ என்று ஆகும். ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் பொருள் விளங்கிவிடும் இந்தத் தொடருக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. கொடுத்தல் என்று வந்துவிட்டால் கொடுப்பவர், கொடுபொருள், வாங்குபவர் என மூன்று வேண்டும். கொடுப்பவள் தாய், கொடுபொருள் பிறப்பு. வாங்குவது யார்? குழந்தை என்றால், பிறப்பை வாங்கிக்கொள்ள அது பிறப்பதற்கு முன்பே அங்கே காத்திருந்தாக வேண்டும். யாரும் வாங்கவில்லை என்றால் அது எப்படிக் கொடுத்தல் ஆகும்?

இதற்கு ஒரே விடை கிடையாது. சொற்பிறப்பியலார் வேரைத் தோண்டினார்கள். இலக்கணக்காரர்கள் ‘கிவ்’ என்ற வினையின் எடையை நிறுத்துப் பார்த்தார்கள். தத்துவவாதிகள், ஒருவரை உலகுக்குக் கொண்டுவருவது அவருக்குச் செய்யும் நன்மையா என்று கேட்டார்கள். பேறுகால உரிமைக்காக எழுதியவர்கள் பிரசவத்தில் எழுவாய் யார் என்று சண்டை பிடித்தார்கள். இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே நொண்டுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சுமத்தல் என்ற பழைய வேர்

மிகப் பழைய விடை சொற்பிறப்பியலுடையது. ‘பர்த்’ என்ற பெயர்ச்சொல், சுமத்தலைக் குறித்த ஒரு வினையிலிருந்து கிளைத்தது. பழைய ஆங்கிலத்தில் அந்த வினை ‘பெரன்’. இன்றைய ஆங்கிலத்தில் ‘பேர்’. இதன் பின்னே இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான வேர் ஒன்றை மொழியியலார் மீட்டுருவாக்கம் செய்திருக்கிறார்கள். லத்தீனின் ‘ஃபெர்ரே’, கிரேக்கத்தின் ‘ஃபெரைன்’, சமஸ்கிருதத்தின் ‘பர்’ எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. நாம் அன்றாடம் சொல்லும் ‘பாரம்’ சமஸ்கிருதத்தின் வழியே வந்த சொல். அந்த வகையில் அது ‘பர்த்’துக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆங்கிலத்தில் சுமையைக் குறிக்கும் ‘பர்டன்’ இன்னும் நெருங்கிய உறவு.

ஆக, தொடக்கத்தில் இந்தச் சொற்குடும்பத்தின் கவனம் வயிற்றில் சுமந்த மாதங்களின் மேல் இருந்தது. சுமந்து வெளியே கொணர்வது வரை அத்தனையும் ஒரே வினைக்குள் அடங்கியது. பிறந்தவரைக் குறிக்கும் ‘பார்ன்’ என்பதும் இந்த வினையின் எச்சமே. தமிழில் ‘பிறந்தேன்’ என்றால் அது பிறந்தவரின் செய்வினை. ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் பார்ன்’ என்பது செயப்பாட்டுவினை. அடியில் இருக்கும் பொருள் ‘சுமக்கப்பட்டேன்’. லத்தீன் வழி வந்த பிரெஞ்சுக்கும் ஸ்பானியத்துக்கும் பிறத்தலைக் குறிக்கத் தனி வினைகள் உண்டு. ஆங்கிலம் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. தாயின் வினையைத் திருப்பிப் போட்டே குழந்தை பிறந்ததைச் சொல்கிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த எச்சம் எழுத்தில் இரண்டாகப் பிரிந்தது. சுமக்கப்பட்டதற்கு ஓர் எழுத்துக்கூட்டல், பிறந்ததற்கு இன்னொன்று. ஒலி ஒன்றுதான், ஆனால் கண்ணுக்கு உறவு அறுந்துபோனது. இன்று ‘பார்ன்’ என்பதைக் கேட்கும் ஆங்கிலேயருக்குச் சுமை நினைவுக்கு வருவது அரிது.

வேரைத் தோண்டும் இந்த விடையின் பலம் அதன் பழமை. பலவீனமும் அதுவே. ஒரு சொல் ஆயிரம் ஆண்டுக்கு முன் குறித்ததுதான் அதன் ‘உண்மையான’ பொருள் என்ற நம்பிக்கை மேடைப் பேச்சுக்கு உதவுமே தவிர, ஆய்வுக்கு உதவாது. இன்னொரு குறையும் உண்டு. வேர் ‘பர்த்’தை விளக்குகிறது, ‘கிவ்’வைத் தொடவே இல்லை. தாய் சுமந்தாள் சரி, கொடுத்தாள் என்று ஏன் சொல்ல நேர்ந்தது?

வடகடல் தாண்டி வந்த இரு சொற்கள்

‘பிறப்பு’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘கெபிர்ட்’ என்ற சொந்தச் சொல் இருந்தது. பிறப்பு, குலம், இயல்பு, ஊழ் என்று அதற்குப் பல பொருள்கள். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அதன் இடத்தை இன்றைய ‘பர்த்’ பிடித்துக்கொண்டது. இது ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியவர்களின் மொழி தந்த வடிவம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

‘கிவ்’வின் கதையும் அதேதான். பழைய ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து யகரம்போல் ஒலித்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எழுதிய சாஸர்கூட ‘யீவ்’ என்ற சாயலில்தான் எழுதினார். ககர ஒலியோடு இன்று வழங்கும் வடிவம் வடமக்களின் செல்வாக்கால் நிலைத்தது. ஆக, தொடரின் இரண்டு சொற்களுமே இன்றைய உருவத்தை அவர்களிடமிருந்து பெற்றவை.

இதை வைத்துத் தொடரும் அங்கிருந்தே வந்தது என்று சொல்லிவிட ஆசை எழும். சான்று அதற்கு இடம் தரவில்லை. ஸ்வீடிஷில் ‘ஃபெதா’, டேனிஷில் ‘ஃபேதே’ என்ற ஒற்றை வினைகள் பிள்ளை பெறுவதைக் குறிக்கின்றன. ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையவை அவை. செங்கல் வடக்கிலிருந்து வந்தது, கட்டடம் அங்கே கட்டப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பிரெஞ்சின் கை இருக்குமோ?

1066க்குப் பிறகு இங்கிலாந்தின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. கொடு, எடு, செய் போன்ற எளிய வினையோடு ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துத் தொடர் கட்டும் பழக்கம் ஆங்கிலத்தில் பெருகியதற்குப் பிரெஞ்சும் ஒரு காரணம் என்று சிலர் வாதிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத் தொடரமைப்பில் பிரெஞ்சுச் செல்வாக்கு பற்றி ஏ. ஏ. பிரின்ஸ் 1952இல் ஒரு முழு நூலே எழுதினார். பிரெஞ்சில் ‘டொன்னே நெஸான்ஸ்’ என்று அச்சு அசலாக ‘பிறப்புக் கொடு’ என்ற தொடர் இருப்பது இந்தக் கருத்துக்கு வலுச் சேர்ப்பதுபோல் தோன்றும்.

ஆனால் இரண்டு மொழிகளில் ஒரே அமைப்பு இருப்பது மட்டுமே கடன் வாங்கியதற்குச் சான்றாகாது. கொடு என்ற வினை உலக மொழிகள் பலவற்றில் இப்படித் தாராளமாகப் பெயர்ச்சொற்களோடு ஒட்டிக்கொள்கிறது. மேலும், லத்தீன் மரபில் கொடு என்ற வினை பிரசவத்தோடு சேர்ந்தபோது பல இடங்களில் கொடுபொருள் வேறாக இருந்தது. வர்ஜில் தன் காவியத்தின் முதல் காண்டத்தில் இலியா இரட்டையரைப் பெறுவதைக் ‘கொடு’ என்ற வினையால் சொல்கிறார். அங்கே கொடுக்கப்படுவது பிள்ளைகள். ஸ்பானியத்தின் ‘தார் அ லூஸ்’, இத்தாலியத்தின் ‘தாரே அல்லா லூச்சே’ இரண்டும் பிள்ளையை ஒளிக்குக் கொடுக்கின்றன. வாங்குவது வெளிச்சம், கொடுபொருள் குழந்தை. ஆங்கிலத்தில் குழந்தைக்குப் பிறப்பு கொடுக்கப்படுகிறது. ஸ்பானியத்தில் குழந்தையே வெளிச்சத்துக்குக் கொடுக்கப்படுகிறது. ஒரே வினையை வைத்துக்கொண்டு காட்சியையே தலைகீழாக்கிவிட்டார்கள். முடிச்சே விழாத அழகு ஸ்பானியத்தில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது: வெளிச்சம் முன்பே இருக்கிறது, குழந்தையும் வயிற்றுக்குள் முன்பே இருக்கிறது.

பைபிள் மொழிபெயர்ப்புகள் காட்டும் தடம்

தொடர் எப்போது வேரூன்றியது என்பதை ஊகிக்க ஒரு நல்ல அளவுகோல் கைவசம் இருக்கிறது. ஒரே வாக்கியத்தை நூற்றாண்டுக்கு ஒருமுறை மொழிபெயர்த்த நூல் பைபிள். லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் மரியாள் தன் முதல் மகனைப் பெறும் இடத்தை எடுத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் மரபு மொழிபெயர்ப்பு அங்கே ‘சுமந்தாள்’ என்ற பழைய வினையைப் போடுகிறது. 1526இல் டின்டேல் ‘வெளிக்கொணர்ந்தாள்’ என்ற பொருளில் எழுதினார். 1611இன் கிங் ஜேம்ஸ் பதிப்பு டின்டேலைப் பின்பற்றியது. அந்தப் பதிப்பு முழுவதிலும் பிள்ளைப்பேற்றுக்குச் சுமத்தல், வெளிக்கொணர்தல், விடுவிக்கப்படுதல், வேதனைப்படுதல் என்று வினைகள் வருகின்றனவே தவிர, ‘கிவ் பர்த்’ வருவதில்லை. 1946இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாட்டிலோ அதே இடத்தில் மரியாள் ‘கேவ் பர்த்’ என்று வந்துவிட்டது. 1978இன் புதிய பன்னாட்டுப் பதிப்பிலும் அப்படியே.

இதிலிருந்து 1611இல் அந்தத் தொடரே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வேதநூல் நடை வேண்டுமென்றே பழமையைப் பிடித்து வைத்திருக்கும்; கிங் ஜேம்ஸ் பதிப்பு வெளிவந்த நாளிலேயே அதன் மொழி கொஞ்சம் பழையது. ஆனால் ஒரு மாற்றம் ஐயமின்றித் தெரிகிறது. பேறுகாலத்துக்குரிய இயல்பான வினை என்ற இடத்திலிருந்து ‘பேர்’ இறங்கியது. ‘கிவ் பர்த்’ ஏறியது. இடையில் உள்ள மூன்று நூற்றாண்டில் என்ன நடந்தது?

ஒரு விளக்கம் பொருத்தமாகத் தெரிகிறது. ‘பேர்’ என்பது பொறுத்துக்கொள்ளுதல், தாங்குதல், திரும்புதல் என்று ஏகப்பட்ட பொருள்களைச் சுமந்துகொண்டிருந்தது. அதன் இறந்தகால வடிவம், துளையிடுவதையும் சலிப்பூட்டுவதையும் குறிக்கும் இன்னொரு சொல்லோடு ஒலியில் மோதியது. எச்சமோ தனிச்சொல்லாகப் பிரிந்து போனது. வினை இப்படித் தேய்ந்து நின்றபோது, பெயர்ச்சொல்லான ‘பர்த்’ மட்டும் பொருள் மாறாமல் இருந்தது. அதை வினையாக்க ஏதேனும் ஒரு கைத்தாங்கல் வேண்டும். ‘கிவ்’ அந்த வேலைக்கு வந்தது. இது ஊகம்தான், இருந்தாலும், வேறெந்த ஊகத்தையும்விடக் காலவரிசைக்கு ஒத்துவருகிறது.

கொடை என்று கொள்வோர்

இரண்டாவது பெரிய விடை, இதை உண்மையான கொடையாகவே எடுத்துக்கொள்கிறது. தாய் கொடுப்பவள், பிள்ளை வாங்குபவர், பிறப்பு பரிசு. இந்த வாசிப்புக்கு இலக்கணச் சான்று ஒன்று உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘எனக்குப் பிறப்புக் கொடுத்தவள்’, ‘அவனுக்குப் பிறப்புக் கொடுத்த மண்’ என்ற பொருளில், வாங்குபவரை வினைக்கு அடுத்தே வைக்கும் அமைப்பு தாராளமாக வழங்கியது. ‘எனக்குப் புத்தகம் கொடுத்தாள்’ என்பதற்கும் அதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை.

இந்த அமைப்பைப் பற்றி அடெல் கோல்ட்பர்க் 1995இல் எழுதிய நூலில் உதவக்கூடிய ஒரு கருத்து இருக்கிறது. ஒருவருக்கு ஒன்றை விளைவிப்பதை அவருக்கு ஒன்றைக் கைமாற்றுவதாகவே ஆங்கிலம் உருவகம் செய்கிறது என்பது அவர் வாதம். சத்தம் தலைவலி கொடுக்கிறது, மருந்து நிம்மதி கொடுக்கிறது. தமிழும் இதில் சளைத்ததில்லை. அப்படியானால் தாய் பிறப்பைக் கொடுப்பதும் இந்த உருவகத்தின் ஒரு கிளை.

கோல்ட்பர்க்கின் உதாரணங்களில் தலைவலி வருபவர் தலைவலிக்கு முன்பே இருக்கிறார். பிறப்பில் அது இல்லை. தத்துவவாதிகள் வேறு பாதையில் வந்து இதே பள்ளத்தில் இறங்கினார்கள். டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட ‘ரீஸன்ஸ் அண்ட் பெர்ஸன்ஸ்’ நூலின் பின்னிணைப்பில், ஒருவரை இருக்கச் செய்வது அவருக்கு நன்மை செய்வதாகுமா என்ற கேள்வியைத் தனியே எடுத்துப் பேசினார். ஆகும் என்று சொல்வதில் முரண் இல்லை என்ற பக்கம் சாய்ந்தார். டேவிட் வெல்லமன் 2008இல் ‘வாழ்க்கை என்ற கொடை’ என்ற எண்ணத்தையே சந்தேகத்தோடு ஆராய்ந்தார். இலக்கணக்காரர் ‘வாங்குபவர் எங்கே?’ என்று கேட்பதும், தத்துவவாதி ‘நன்மை பெற்றவர் அப்போது எங்கே இருந்தார்?’ என்று கேட்பதும் ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள். இருவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்ததாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

கொடை வாசிப்புக்கு இன்னொரு கவர்ச்சி உண்டு. மார்செல் மோஸ் 1925இல் காட்டியதுபோல, கொடை என்றால் திருப்பிச் செய்யும் கடனும் கூடவே வரும். பெற்ற தாய்க்குப் பிள்ளை பட்ட கடன் என்ற பழைய எண்ணத்துக்கு இது வாகாகப் பொருந்துகிறது. வாகாகப் பொருந்துவதே எச்சரிக்கை மணியாகவும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வறுமை குற்றத்துக்கும், போர் பஞ்சத்துக்கும் ‘கிவ் பர்த்’ செய்கின்றன. உயிரற்றவை தோன்றுவதைப் ‘பர்த்’ என்று சொல்லும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. வறுமை யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை. கொடை என்பது தொடரின் பொருளில் ஒட்டியிருப்பதா, தாய்மை மீதுள்ள மரியாதையால் நாம் பின்னாளில் ஏற்றியதா என்று பார்த்தால், இரண்டாவதற்கே சான்று அதிகம்.

எடையில்லாத வினை

மூன்றாவது விடை இலக்கணக்காரர்களுடையது. டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் தன் பேரிலக்கணத்தின் 1942இல் வந்த தொகுதியில், சில தொடர்களில் வினை வெறும் சட்டகமாக நிற்பதையும், பொருளெல்லாம் பெயர்ச்சொல்லில் இருப்பதையும் சுட்டி, அத்தகைய வினைக்கு ‘எடை குறைந்த வினை’ என்று பொருள்படும் பெயரைத் தந்தார். பெருமூச்சு விடுவதை ஆங்கிலத்தில் ‘பெருமூச்சு கொடுத்தாள்’ என்று சொல்லலாம். யாரும் அதை வாங்கிக்கொள்வதில்லை. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘குரல் கொடுத்தான்’ என்கிறோம். குரலை வாங்கி வைத்துக்கொண்டவர் யாருமில்லை. அன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா 1982இல், இப்படிப்பட்ட தொடர்கள் கண்டபடி உண்டாவதில்லை, அவற்றுக்குள் நுட்பமான பொருள் விதிகள் இருக்கின்றன என்று காட்டினார். ஜான் நியூமன் 1996இல் ‘கொடு’ என்ற வினைக்காகவே ஒரு நூல் எழுதினார். பல மொழிகளில் அது பரிமாற்றத்தை விட்டு விலகி எங்கெல்லாம் போகிறது என்று அதில் பின்தொடர்ந்தார்.

இந்த விடை முடிச்சை அவிழ்ப்பதுபோல் தெரிகிறது. ‘கிவ்’வுக்கு எடையே இல்லை என்றால் வாங்குபவரைத் தேட வேண்டியதில்லை. ‘பர்த்’துக்கு முன் எந்தச் சுட்டும் வராமல் மொட்டையாக நிற்பதும், தொடரைச் செயப்பாட்டுவினையாக்கினால் காதுக்கு ஒவ்வாமல் போவதும் இதற்குச் சாதகம்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெருமூச்சோடு பிறப்பை ஒரே கூடையில் போடுவதில் அது நழுவிப்போகிறது. பெருமூச்சு, விடுபவளின் செயல். குரல், கொடுப்பவனின் செயல். பிறப்பு யாருடைய நிகழ்வு? ஆங்கிலத்தில் ‘கிவ் ரைஸ்’ என்று இன்னொரு தொடர் உண்டு. ஒன்று எழக் காரணமாவது என்று பொருள். அங்கே எழுவது காரணம் அல்ல, விளைவு. ‘கிவ் பர்த்’தும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மொட்டையான பெயர்ச்சொல், பின்னால் ‘டு’ என்ற இடைச்சொல், அதற்குப் பின் தோன்றும் பொருள். பிறக்கக் காரணமானாள் என்று இதை வாசித்தால், தாயும் வறுமையும் ஏன் ஒரே தொடருக்கு எழுவாயாக முடிகிறது என்பது விளங்கிவிடுகிறது.

என் கணிப்பில் இதுவே மூன்றில் உறுதியான விடை. ஆனாலும் அதற்கும் ஒரு விரிசல் உண்டு. ‘பர்த்’ என்ற சொல்லே இரட்டை முகம் கொண்டது. பிறந்தநாள் என்னும்போது அது குழந்தையுடையது. கடினமான பிரசவம் என்ற பொருளில் அதே சொல்லைப் போடும்போது அது தாயுடையது. ‘நேற்று கேவ் பர்த்’ என்று குழந்தையைக் குறிப்பிடாமல் முடித்துக்கொள்ளும் வாக்கியத்தில், காரணமானாள் என்ற பொருளைவிடப் பிரசவித்தாள் என்ற பொருளே முன்னால் நிற்கிறது. ‘கிவ் ரைஸ்’ என்பதை அப்படிப் பாதியில் நிறுத்த முடியாது.

விடுவிக்கப்பட்டவளும் விடுவிப்பவரும்

‘கிவ் பர்த்’ செய்யும் தாய்க்கு எழுவாய் இடம் கிடைத்ததை, அதன் போட்டிச் சொல்லான ‘டெலிவர்’ பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் அதன் அருமை தெரியும். லத்தீனில் விடுதலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே வந்த வினை அது. இடைக்கால ஆங்கிலத்தில் தாய் பிள்ளையிலிருந்து ‘விடுவிக்கப்படுவாள்’. பாரம் இறங்கியவள் அவள். மருத்துவச்சி அவளை விடுவிப்பாள், செயப்படுபொருள் தாய். நாளடைவில் வினை தாயை விட்டுக் குழந்தைக்குத் தாவியது. இன்று மருத்துவர் குழந்தையை ‘டெலிவர்’ செய்கிறார். பொட்டலத்தை வீட்டில் சேர்ப்பவரும் அதே வினையைத்தான் செய்கிறார்.

இந்தத் தாவலைப் பிரசவ அறைக்குள் ஆண் மருத்துவர்கள் நுழைந்த வரலாற்றோடு சேர்த்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் சேம்பர்லின் குடும்பம் குறடு போன்ற ஒரு கருவியைக் கண்டுபிடித்துத் தலைமுறை தலைமுறையாக ரகசியம் காத்தது. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்மெல்லி லண்டனில் ஆண்களுக்குப் பிரசவக்கலை கற்பித்தார். எமிலி மார்ட்டின் 1987இல் வெளியிட்ட ‘தி உமன் இன் த பாடி’யில், மருத்துவ நூல்களின் மொழி கருப்பையை இயந்திரமாகவும், மருத்துவரை அதை மேற்பார்க்கும் ஆளாகவும், குழந்தையை உற்பத்திப் பொருளாகவும் காட்டுவதை எடுத்துவைத்தார். அந்தப் படத்துக்கு ‘டெலிவர்’ கச்சிதமாகப் பொருந்தும். இருப்பினும் கருவி வந்ததால்தான் இலக்கணம் மாறியது என்று நிறுவுவது கடினம். இன்றும் தாயை எழுவாயாக வைத்து அதே ‘டெலிவர்’ வினையைச் சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கிறது.

இயற்கைப் பிரசவத்தை ஆதரித்தவர்கள் 1970களில் ‘பர்த்’தையே வினையாக்கிப் பேசினார்கள். இலக்கணக் காவலர்கள் இதைப் புதுமோகம் என்று முகம் சுளித்தார்கள். உண்மையில் அந்த வினை 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேச்சில் அழியாமல் தங்கியது. 1939இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ படத்தில் பிரிஸ்ஸி என்ற பாத்திரம் அந்த வினையைச் சொல்லித் தன் அறியாமையை ஒப்புக்கொள்ளும் காட்சி பெயர்பெற்றது. அங்கே அது குறிப்பது தாய் செய்வதை அல்ல, பிரசவம் பார்ப்பவர் செய்வதை. தாய்க்கு எழுவாய் இடத்தை மீட்டுத் தரும் என்று நம்பிய வினையும் ஏற்கெனவே வேறொருவர் மடியில் உட்கார்ந்து வந்ததுதான்.

வயிற்றைக் கிழித்தால் பிறப்பா?

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தின் முடிவே ‘பார்ன்’ என்ற எச்சத்தின் பொருளில் தொங்குகிறது. பெண்ணிடம் பிறந்த எவனாலும் தனக்குக் கேடில்லை என்று நம்பிய மன்னன், தாயின் வயிற்றிலிருந்து கீறி எடுக்கப்பட்ட மக்டஃபின் கையால் மாய்கிறான். கீறி எடுத்தது ‘பிறப்பு’ ஆகாது என்ற கணக்கு அன்றைய பார்வையாளருக்குச் சூழ்ச்சியாகவேனும் செல்லுபடியானது. இன்று அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவளும் ‘கேவ் பர்த்’ என்றே சொல்லப்படுகிறாள். உலக சுகாதார நிறுவனம் 1950இல் ஏற்ற உயிர்ப்பிறப்பு வரையறை, முழுதாக வெளியேறுவதோ வெளியே எடுக்கப்படுவதோ இரண்டும் ஒன்றே என்கிறது. அதில் கொடுத்தலும் இல்லை, சுமத்தலும் இல்லை.

சட்டமோ மறுபடி பழைய வேருக்குப் போய்விட்டது. கருமுட்டை ஒருத்தியுடையது, கருப்பை இன்னொருத்தியுடையது என்ற நிலை வந்தபோது, பிரிட்டனின் 2008ஆம் ஆண்டு மனிதக் கருவுறுதல், கருவியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு, அப்படி உண்டான குழந்தையைச் சுமக்கிறவளோ சுமந்தவளோதான் தாய், வேறெந்தப் பெண்ணும் அல்ல என்று வகுத்தது. 2019இல், பிள்ளை பெற்ற ஒரு திருநம்பியின் வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம், கருவைச் சுமந்து பெறும் நிகழ்முறையைக் கடந்தவரின் நிலையே ‘தாய்’ என்பது, அது பாலினத்தைப் பொறுத்ததல்ல என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அதை உறுதிசெய்தது.

தமிழ் நின்று பார்க்கும் கோணம்

ஆங்கிலத்தாய் கொடுக்கிறாள், தமிழ்த்தாய் பெறுகிறாள். பெறு என்றால் அடை, வாங்கிக்கொள். மகப்பேறு என்பதில் உள்ள ‘பேறு’ கிடைத்த பாக்கியத்தையும் குறிக்கும். பெற்றோர் என்பவர் கிடைக்கப்பெற்றவர். தமிழ் பைபிளும் மரியாள் மகனைப் ‘பெற்று’ என்றே சொல்கிறது. இதற்கு நெருக்கமாக ஆங்கிலத்தில் உள்ளது தந்தைக்குரிய பழைய வினையான ‘பெகெட்’. அதன் உள்ளே ‘கெட்’, அதாவது பெறு, அப்படியே இருக்கிறது. பழைய ஆங்கில வழக்கில் தந்தை பெற்றான், தாய் சுமந்தாள். தமிழில் பெறுதல் இருவருக்கும் பொது.

‘ஈன்’ என்ற வினையில் ‘ஈ’ என்ற கொடுத்தல் வினை ஒளிந்திருக்கிறது என்று சொல்லி ஆங்கிலத்தோடு ஒப்புமை காட்டுவது எளிது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே பதிவு செய்கிறது. ஒலி ஒற்றுமையில் மயங்க வேண்டியதில்லை. புறநானூற்றின் 312ஆம் பாட்டு தாயின் கடமையாகச் சொல்லும் இரண்டில் ஈனுதல் ஒன்று, புறந்தருதல் மற்றொன்று. ‘தா’ என்ற கொடுத்தல் வினை அங்கே வளர்ப்பதில் அமர்ந்திருக்கிறது, பெறுவதில் அல்ல.

நம் பேச்சில் நுழைந்த ஆங்கிலமும் ‘கிவ் பர்த்’ அல்ல, ‘டெலிவரி’தான். அதிலும் ‘டெலிவரி ஆயிடுச்சு’ என்று ‘ஆகு’ சேர்த்து, விடுவித்தவர், விடுபட்டவர் இருவரையும் வாக்கியத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டோம். மருத்துவருக்கு நாம் வைத்திருக்கும் வினை ‘பார்’. பிரசவம் பார்த்தார் என்கிறோம். லத்தீனில் மருத்துவச்சியைக் குறித்த ‘ஒப்ஸ்டெட்ரிக்ஸ்’ என்ற சொல்லுக்கு எதிரே நிற்பவள் என்று பொருள். ஆங்கில ‘மிட்வைஃப்’ என்பதற்கு உடனிருக்கும் பெண் என்று பொருள். மூன்று மொழியிலும் அவருக்குக் கிடைத்தது நிற்பதும் இருப்பதும் பார்ப்பதும்தான்.

இன்னும் தீராதவை

பிறக்கக் காரணமாதல் என்ற விளக்கம் தொடரின் இலக்கணத்துக்கு ஒத்துவருகிறது என்று சொல்லலாம். வரலாறு அவ்வளவு தெளிவாக இல்லை. ‘எனக்குப் பிறப்புக் கொடுத்தவள்’ என்ற அமைப்பு, வாங்குபவரை வினைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, நூறு ஆண்டுக்கு மேல் செழித்துப் பிறகு ஏன் ஒதுங்கியது? கொடை உருவகம் தளர்ந்ததாலா, அல்லது ‘கிவ் ரைஸ்’ போன்ற தொடர்கள் அதைத் தங்கள் பக்கம் இழுத்ததாலா? பிரெஞ்சுத் தொடரும் ஆங்கிலத் தொடரும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தனவா, தனித்தனியே முளைத்தனவா? பழைய மருத்துவச்சிகளின் கையேடுகள், பேறுகாலத்தைப் பற்றிப் பெண்கள் எழுதிய கடிதங்கள், பங்குக்கோயில் பதிவேடுகள் ஆகியவற்றில் எந்த வினை எப்போது வருகிறது என்று வரிசைப்படுத்தினால் இவற்றில் சிலவற்றுக்கேனும் விடை கிடைக்கலாம். வேதநூலும் நாடகமும் காட்டுவது ஆண்கள் எழுதிய ஆங்கிலத்தை. வலி கண்ட பெண் அதை எந்த வினையால் சொன்னாள் என்பது அவள் எழுதி வைத்த இடத்தில்தான் தெரியும்.